படம் வரையுமுன் செடியைப் பாருங்கள்



ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 முதல் 8 வரை நாடெங்கும் வன உயிரின வாரம் கொண்டாடப்படுகிறது. அந்த நாட்களில் ஊருக்கு ஊர் ஓவியப் போட்டிகள் நடைபெறும். வனத்துறையினர் நடத்துவதுண்டு. இயற்கையின்மேல் பற்றுக்கொண்ட தொண்டர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு நடத்துவதும் உண்டு. உங்களில் பலர் அத்தகைய போட்டிகளில் கலந்துகொண்டிருப்பீர்கள். பரிசு பெற்றவர்களும் இருப்பீர்கள். அந்தப் பரிசுகளை எதற்காகக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றி உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். நடுவராக இருந்து நானே செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோவைக்கு அருகில் நடந்த ஒரு போட்டிக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். "நம் மண்ணின் செடிகள்" என்பது தலைப்பு. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். தாவரவியல் படித்தவனும் அல்லன், ஓவியனும் அல்லன். ஆயினும், அறிவியல் ஆசிரியர் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பி அழைத்தார்கள். நானும் மறுக்காமல் போனேன்.

படங்களில் பாதிக்குமேல் ரோஜாவும் சூரியகாந்தியும் மயில்கொன்றையுமாக இருந்தன. சூரியகாந்தி வட அமெரிக்காவிலிருந்து வந்தது. சாலையோரத்தில் செந்நிறமாகப் பூத்து நிற்கும் மயில்கொன்றை மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. இவற்றை ஒதுக்கிவிட்டு மீதியைப் பார்த்தபோது, இரண்டு படங்கள் என் கண்ணில் நின்றன.

ஒன்று செங்காந்தள். நம் மாநில மலர். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும், பின்னணியில் நீல மலைகள், மூலையில் ஒரு பட்டாம்பூச்சி. வண்ணங்கள் கோட்டைத் தாண்டாமல் நேர்த்தியாகத் தீட்டப்பட்டிருந்தன. மற்றது எருக்கு. வெறும் பென்சில் கோடுகள். வண்ணமே இல்லை. தாளின் ஓரத்தில் ஒரே ஒரு பூவைப் பெரிதாக்கி வரைந்து, அருகில் ஒரு சிறு கோடு போட்டு "1 செ.மீ." என்று எழுதியிருந்தது. வரைந்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி.

"வண்ணம் தீட்ட நேரம் போதவில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"நேரம் இருந்துச்சுங்க சார். எங்க ஊர்ல ஒரு செடியில வெள்ளைப் பூவுங்க, இன்னொண்ணுல ஊதாப் பூவுங்க. எந்த நெறம் அடிக்கறதுன்னு தெரியலீங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன். வண்ணத்துக்கு என்று 30 மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள். அவளுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. முதற்பரிசு செங்காந்தளுக்குப் போயிற்று.

அம்மாத இறுதியில் தாராபுரம் பக்கம் ஓர் உறவினர் வீட்டு நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். அப்பகுதியில் செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். அதன் விதைக்காகவே மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் தோட்டங்களில் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்கிசின் என்னும் பொருள் ஒருவகை மூட்டுவலி நோய்க்கு மருந்து. செடியின் எல்லாப் பகுதிகளும், குறிப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு. வேலியோரத்தில் தானாக முளைத்துப் பூத்திருந்த ஒரு கொடியின் முன் நின்றேன். பொழுதுபோக்காக இதழ்களை எண்ணினேன். ஆறு. அடுத்த பூவிலும் ஆறு. மகரந்தத் தாள்களும் ஆறு. நான் முதற்பரிசு கொடுத்த படத்தில் இருந்தவை ஐந்து இதழ்கள்!

அதுமட்டுமன்று. உண்மையான பூ தலைகவிழ்ந்து தொங்குகிறது. இதழ்கள் பின்னோக்கி வளைந்து மேல்நோக்கி நிற்கின்றன. சூல்தண்டு அடியிலேயே ஏறத்தாழ நேர்கோணத்தில் மடங்கி ஒரு பக்கமாக நீண்டிருக்கிறது. சொந்த மகரந்தத்திலிருந்து விலகி நிற்க அந்த மடக்கம் உதவுகிறது. இலையின் நுனி நீண்டு சுருண்டு, பற்றுக்கம்பியாகி வேலிமுள்ளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பரிசுபெற்ற படத்தில் பூ ரோஜாவைப் போல நிமிர்ந்து நின்றது. இலைகள் மாவிலை போல இருந்தன. ஏதோ ஒரு நாட்காட்டிப் படத்தைப் பார்த்து வரைந்த பையன்மேல் குற்றமில்லை. பூவைப் பாராமல் பரிசு கொடுத்த என்மேல்தான் குற்றம். விடையில் அலகு எழுதவில்லை என்றால் அரை மதிப்பெண் குறைப்பவன் நான். அளவுகோடு போட்டிருந்த ஒரே படத்தை ஒதுக்கிவிட்டேன்.

வண்ணமில்லாத 2101 படங்கள்

அந்த எருக்குப் படத்தில் வண்ணமில்லை என்றேன் அல்லவா? இதே கோவையில் ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன்.

ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இந்தியாவுக்கு வந்தார். அவர் மருத்துவத்தைவிடச் செடிகளின்மேல் ஆர்வம் மிக்கவர். 1842 முதல் 1853 வரை கோவையில் இருந்தார். அமெரிக்கப் பருத்தியை நம் மண்ணில் விளைவிக்க முடியுமா என்ற சோதனைகளை மேற்பார்வையிடுவதே அவருக்கு இடப்பட்ட பணி. அந்நியப் பயிருக்காக வந்தவர், ஓய்வு நேரங்களில் இம்மண்ணின் செடிகளை ஆராய்ந்தார். தென்னிந்தியச் செடிகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல்களில் பெரியது 'ஐகோனிஸ் பிளாண்டாரம்' என்பது. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 2101 படங்கள் இருக்கின்றன.

அவற்றுக்காகச் செடிகளைப் பார்த்து வரைந்து கொடுத்தவர்களுள் முதன்மையானவர்கள் இரண்டு இந்திய ஓவியர்கள். ஒருவர் ரங்கையா. 1820களிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைட்டுக்கு வரைந்தவர் அவர். அவருக்குப் பின் வந்தவர் கோவிந்து. வைட் கோவையில் வாழ்ந்த பிற்பகுதியில் அவருக்குத் துணையாக இருந்தவர் இவரே.

அந்த 2101 படங்களும் வண்ணமில்லாதவை என்பது நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி. கல்லச்சில் பதித்த கருநிறக் கோடுகள்தாம். வண்ணமில்லை என்பதற்காக யாரும் அவற்றை ஒதுக்கவில்லை. ஒரு செடி இன்னதுதானா என்று உறுதிசெய்ய இன்றும் தாவரவியலார் அவற்றைப் புரட்டுகிறார்கள். கிளை ஒன்று, அதன் அருகே பிரித்து வைத்த பூ, குறுக்கே வெட்டிய காய், பெரிதாக்கிய விதை என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். ஓர் ஆண்டில் வெவ்வேறு மாதங்களில் தோன்றுவனவற்றை ஓவியர் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிறார்.

வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் நினைவாகக் 'கோவிந்தூயா' என்றே பெயர் வைத்தார். இன்று அது டிரோபிடியா என்ற பேரினத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆயினும் ஓர் ஓவியரின் கண்ணுக்கு ஓர் அறிவியலார் அளித்த மதிப்பு அதில் தெரிகிறது. ஓவியர்களின் மூலப் படங்கள் பல எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்குப் பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி 2007இல் இவ்விருவரின் படங்களைப் பற்றி நூலே எழுதினார். நம் பாடநூல்களிலோ அவர்கள் பெயரைக் காண்பது அரிது.

இதற்கும் முற்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. கேரளச் செடிகளின் 700க்கும் மேற்பட்ட படங்கள் அதில் உள்ளன. செடிகளுக்கு இருசொற் பெயரிட்ட லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் பெயரிட்ட நம் செடிகள் சிலவற்றுக்கு அந்நூலின் படங்களே இன்றும் ஆதார மாதிரிகள். உலர்ந்த செடிகூட இல்லாத இடத்தில் ஒரு படம் சான்றாக நிற்கிறது! ஒழுங்காகப் பார்த்து வரைந்த படத்துக்கு அத்தனை வலிமை உண்டு. ஐந்து இதழ் வரைந்தால் அந்த வலிமை போய்விடும்.

கைபேசி இருக்கும்போது கை எதற்கு?

"இப்போது கைபேசியில் படம் பிடித்தால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடுமே, எதற்காக வரைய வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒளிப்படம் மிகப் பயனுள்ளது. நான் அதற்கு எதிரி அல்லன். ஆனால் அது செய்யாதவை இரண்டு உண்டு.

முதலாவது, ஒளிப்படம் உருவ அளவுகளை நம் கண்ணுக்கு மாற்றிக் காட்டும். லென்சிலிருந்து 10 செ.மீ. தொலைவில் ஓர் இதழும், 15 செ.மீ. தொலைவில் அதே நீளமுள்ள இன்னோர் இதழும் இருந்தால், படத்தில் முன்னிதழ் ஒன்றரை மடங்கு பெரிதாக விழும். பூவுக்கு அருகில் நெருங்க நெருங்க இந்த வேறுபாடு கூடும். ஓவியர் அளவுகோலால் அளந்து இரண்டையும் சமமாக வரைய முடியும்.

இரண்டாவது, இது இன்னும் முக்கியம். கைபேசி பார்க்கிறது, நீங்கள் பார்ப்பதில்லை. வரைபவர் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கேள்வியைச் செடியிடம் கேட்டாக வேண்டும். இலைக்குக் காம்பு உண்டா? கணுவுக்கு ஓர் இலையா, இரண்டா? எருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பே இல்லாததுபோல இலைகள் தண்டை ஒட்டி எதிரெதிராக நிற்கும். ஒரு சோடி கிழக்கு மேற்காக இருந்தால், அடுத்த சோடி அதற்கு நேர்கோணத்தில் வடக்கு தெற்காக இருக்கும். பூவின் நடுவே ஐந்து மூலைகள் கொண்ட சதைப்பற்றான மகுடம் ஒன்று இருக்கும். அதில் வந்து அமரும் கருநிறத் தச்சுத் தேனீயின் காலில், மகரந்தம் தூளாக ஒட்டாமல் சிறு பைகளாக மாட்டிக்கொண்டு போகும். எருக்கை நாள்தோறும் கடந்து போகிறோம். இவற்றுள் எத்தனையை நாம் கண்டிருக்கிறோம்?

ஆவாரையையும் சொல்கிறேன். பொங்கலுக்கு முந்தைய நாள் கொங்கு நாட்டு வீடுகளில் வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றோடு ஆவாரம்பூவையும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறோம். ஆண்டுதோறும் கையில் எடுக்கும் செடி. அதன் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போல இரண்டு அகன்ற செதில்கள் உண்டு. அதன் அறிவியற் பெயரில் உள்ள 'ஆரிகுலேட்டா' என்ற சொல்லுக்குக் 'காதுடையது' என்பதே பொருள். ஒருமுறை அதை வரைந்தவன் பிறகு எங்கே பார்த்தாலும் ஆவாரையை அடையாளம் கண்டுகொள்வான். பூ இல்லாத காலத்திலும் கண்டுகொள்வான்.

வேலி போனால்

"சரி, அடையாளம் கண்டு என்ன ஆகப்போகிறது?" என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். கொழுக்கட்டைப் புல் விரிந்திருக்கும். நடுநடுவே வெள்வேல மரங்கள் நிற்கும். சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைப் போத்துகளை வெட்டி நட்டு, அவை துளிர்த்து உயிர்வேலியாகும். காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்த நிலங்களில்தான். அந்த வேலிகளில் பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் குன்றிமணியும் படர்ந்திருக்கும். நான் ஆறு இதழ் எண்ணிய செங்காந்தளும் அத்தகைய வேலியில்தான் இருந்தது.

இப்போது பல இடங்களில் கிளுவை வேலியை அகற்றிவிட்டுக் கற்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். காடுகள் வீட்டுமனைகளாகின்றன. அவரவர்க்கு அவரவர் காரணம் உண்டு. நான் யாரையும் பழிக்கவில்லை. ஆனால் ஒரு வேலி போகும்போது அதனோடு எத்தனை செடிகள் போகின்றன என்று எண்ணிச் சொல்ல ஊரில் ஒருவராவது வேண்டாமா? பெயரும் முகமும் தெரியாத செடி போனால், போனதுகூடத் தெரியாது. இன்னொரு பக்கம், கோவையின் குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும், மேய்ச்சல் நிலத்தில் ஏறிவரும் சீமைக்கருவேலமும், மலையடிவாரத்தில் பரவும் உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நம் ஊர் வன்னியையும் சீமைக்கருவேலத்தையும் பிரித்தறியத் தெரியாதவன், எதை வெட்டுவது, எதை விடுவது என்று எப்படிச் சொல்வான்?

ஆகவே செடி ஓவியப் போட்டி வெறும் பொழுதுபோக்கன்று என்பது என் கருத்து. அது கண்ணைப் பழக்கும் பயிற்சி. அப்படியானால் அதன் விதிகளும் அதற்கேற்ப இருக்க வேண்டும். நான் முன்வைக்கும் விதிகள் இவை:

1. தலைப்பை ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையச் சொல்லக் கூடாது.

2. உயிரோடு நிற்கும் செடியைப் பார்த்தே வரைய வேண்டும். ஊர், நாள், அவ்வூரில் அச்செடிக்கு வழங்கும் பெயர் ஆகிய மூன்றும் தாளில் இருக்க வேண்டும்.

3. அளவுகோடு கட்டாயம். மரமாக இருந்தால் உயரம் வேண்டும். அது கடினமன்று. 1 மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளந்துகொள்ளுங்கள். குச்சியின் நிழல் 80 செ.மீ., அதே வேளையில் மரத்தின் நிழல் 6.4 மீட்டர் என்றால், மரத்தின் உயரம் 8 மீட்டர்.

4. பூ, காய், இலை ஆகியவற்றுள் ஒன்றையாவது பெரிதாக்கித் தனியே காட்ட வேண்டும்.

5. மதிப்பெண்ணில் பாதி, செடி சரியாக இருப்பதற்கு. வண்ணம் தீட்டுவது அவரவர் விருப்பம். தீட்டாததற்காக மதிப்பெண் குறையக் கூடாது.

6. நடுவர்களுள் ஒருவர் செடிகளை அறிந்தவராக இருக்க வேண்டும். பட்டம் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆடு மேய்க்கும் பெரியவராகவோ, கீரை பறித்துப் பழகிய அப்பத்தாவாகவோ இருக்கலாம்.

7. படங்களைத் திருப்பி வாங்கிப் பள்ளியிலேயே ஆண்டுவாரியாகக் கோப்பில் வைக்க வேண்டும். பத்தாண்டுகள் கழித்து அதுவே அவ்வூர்ச் செடிகளின் வரலாறாகும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். "ஓவியம் என்பது கற்பனை. குழந்தையின் கையை அளவுகோலால் கட்டிப் போடலாமா?" என்று ஓவிய ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கற்பனைக்கென்று போட்டிகள் தாராளமாக நடக்கட்டும். சிறு வகுப்புக் குழந்தைகள் நீலப் பூவும் ஏழுநிற மரமும் வரையட்டும். ஆனால் "நம் மண்ணின் செடிகள்" என்று தலைப்பு வைத்துவிட்டால், மண்ணில் நிற்கும் செடிக்கு நாம் கடன்பட்டவர்களாகிறோம். மேலும், ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும் என்னும்போது, விலையுயர்ந்த வண்ணப்பெட்டி வாங்க முடியாத மாணவனும் சமமாக வந்து உட்கார முடியும். இதுவும் ஒரு நீதி அல்லவா?

வரையப் போகும்போது சில எச்சரிக்கைகள். செடியைப் பிடுங்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கையால் ஒடிக்காமல், பார்த்து மட்டும் வரையுங்கள். செங்காந்தளைத் தொட்டால் கையைக் கழுவுங்கள்; கிழங்கைத் தோண்டவே வேண்டாம். வேலியோரங்களில் பாம்பு இருக்கும். பெரியவர் ஒருவர் துணையோடு போங்கள். வரைந்து முடித்தும் பெயர் தெரியாவிட்டால், கேட்க நம் ஊரிலேயே இடங்கள் உண்டு. இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் தென்மண்டல மையம் 1955 முதல் கோவையில் இருக்கிறது. உலர்த்திப் பாதுகாத்த செடி மாதிரிகளின் பெரும் தொகுப்பு அங்கே உள்ளது. 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும் கோவையில்தான் இருக்கிறது. ஆசிரியரோடு ஒருமுறை போய்வாருங்கள்.

தாராபுரத்திலிருந்து திரும்பியதும் அந்த எருக்குப் படத்தைத் தேடினேன். பரிசு பெற்ற மூன்று படங்களைச் சட்டமிட்டு வைத்திருந்தார்கள். மற்றவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். மாணவியின் பெயரும் என் நினைவில் இல்லை. இரண்டு செடிகளில் இரண்டு நிறம் இருப்பதைக் கண்டு, தெரியாததைத் தெரிந்ததுபோல் தீட்டாமல் விட்டவள் அவள். எங்கள் துறையில் அதைத்தான் நேர்மையான அளவீடு என்கிறோம்.

இந்தப் பக்கத்தை அந்த மாணவி படிக்க நேர்ந்தால், அவளுக்குச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு: அம்மா, உன் படம்தான் முதற்படம். இரண்டு பூக்களையும் வரைந்து, ஒன்றின் கீழ் 'வெள்ளை' என்றும் மற்றதன் கீழ் 'ஊதா' என்றும் எழுதிவிடு. அதுவே போதும்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் உங்கள் கண்ணில் படும் முதல் செடியின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இதழ்களை எண்ணுங்கள். எண்ணிய பிறகு பென்சிலை எடுங்கள்.